தெய்வசிகாமணியின் முப்பத்தொரு வரிகள்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்குச் செய்தி வந்தது. டைம் ஆபீஸில் போனை எடுத்தவர் கரும்புப் பிரிவின் வாசல்வரை நடந்து வந்து, "சிகாமணி போயிட்டாருங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். விடியற்காலையில், பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில். மஞ்சள் காமாலை. பதினாறு நாள் படுத்திருந்தார். வயது நாற்பத்தொன்று.

பிரிவில் இருந்த பதினோரு பேரும் எழுந்து நின்றோம். யாரோ, "போன டிசம்பர்ல அந்தத் திங்கக்கெழம..." என்று ஆரம்பித்தார். அவர் முடிக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாருக்கும் அந்தத் திங்கட்கிழமைதான் நினைவுக்கு வந்திருந்தது. திண்டிவனத்தில் அவர் வீட்டுக்குப் போக வேனுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும்போதே இரண்டு பேர் அந்த நாளைப் பற்றிச் சத்தமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் சிரித்தும்விட்டார். அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை.

எங்கள் வராகநதி சர்க்கரை ஆலை விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் ரோட்டோரம் இருக்கிறது. எண்பத்தேழில் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பீரோ உயரத்தில் ஒரு பெட்டி, அதிலிருந்து வயர் இழுத்த நான்கு டெர்மினல்கள், ஒரு பிரிண்டர். வெட்டு உத்தரவு போடுவதற்காக வாங்கியது. ஆலையிடமிருந்து அந்த உத்தரவு கைக்கு வந்தால்தான் விவசாயி கரும்பை வெட்ட முடியும். பத்து நாள் தள்ளிப்போனால் கரும்பு பூத்துவிடும். இருபது நாள் தள்ளிப்போனால் எடை பாதி காற்றில் போய்விடும். அதுவரை உத்தரவைக் கையால்தான் எழுதினார்கள். யாருக்கு முதலில் என்பது எழுதுகிறவரின் மனசைப் பொறுத்தது என்று ஊர்களில் பேச்சு இருந்தது. மிஷின் நட்ட தேதியை மட்டும் பார்த்து வரிசை போடும் என்று சொல்லி வாங்கினார்கள்.

மெட்ராஸில் பயிற்சி எடுத்த இரண்டு பட்டதாரிகள் மூன்று மாதத்தில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு விழுப்புரத்தில் கணிதம் படித்த என்னை எடுத்தார்கள். இன்னொரு இடத்துக்கு யாரும் வரவில்லை. எடை மேடையில் டோக்கன் எழுதிக்கொண்டிருந்த தெய்வசிகாமணி மட்டும் மனு போட்டிருந்தார். எஸ்.எஸ்.எல்.சி.தான்.

"கம்ப்யூட்டரைப் பத்தி என்ன தெரியும்?" என்று மேனேஜர் கேட்டாராம்.

"ஒண்ணுந் தெரியாதுங்க. எழுதனத எழுதன மாதிரியே வெச்சிக்கினு இருக்கத் தெரியும்."

அது வெறும் பேச்சில்லை. ஆலைக்கு வருமுன் ஒன்பது வருடம் திண்டிவனத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் நகல் எழுதியவர் அவர். பத்திரத்தில் எதையும் சுரண்டி அழிக்கக் கூடாது. தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, ஓரத்தில் கையெழுத்து வைத்து, கடைசியில் இன்ன பக்கம் இன்ன வரியில் இன்ன திருத்தம் என்று சொல்ல வேண்டும். எழுதி முடித்ததும் ஒருவர் மூலத்தைச் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் நகலில் விரல் வைத்து ஒப்புப் பார்க்க வேண்டும். இந்தப் பழக்கம் அவர் எலும்பில் ஊறியிருந்தது. அவர் மனைவி பவுனு என்னிடம் காட்டிய ஒரு மளிகைச் சீட்டில், "உப்பு அரை கிலோ என்பது ஒரு கிலோ எனத் திருத்தப்பட்டது. தெ.சி." என்று இருந்தது.

அந்தக் கையெழுத்துக்காரரிடம்தான் மிஷினின் தொடக்க ஃபைல் போய்ச் சேர்ந்தது. டேட்டாபேஸ் என்பது எங்கள் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கரும்பும் பதிவாகியிருக்கும் இடம்: எந்த ஊர், யார், எத்தனை ஏக்கர், எப்போது நட்டது. காலையில் அதை எழுப்பும்போது அது முதலில் ஒரு சின்ன ஃபைலைப் படிக்கும். எத்தனை பேர் ஒரே சமயத்தில் உள்ளே வரலாம், நினைவகத்தில் எவ்வளவு இடம் எடுத்துக்கொள்ளலாம், பதிவுகள் எந்த வட்டில் இருக்கின்றன என்று வரிக்கு ஒரு விஷயம். ஒரு பெயர், ஒரு சமக்குறி, ஓர் எண். எழும்போது மட்டும்தான் படிக்கும். எழுந்துவிட்டால் அடுத்த முறை அணைத்து எழுப்பும்வரை அந்த ஃபைல் பக்கமே திரும்பாது.

வரியின் தலையில் # என்ற குறியைப் போட்டால் மிஷின் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். மிஷினை விற்ற கம்பெனிக்காரர் போகிறபோக்கில் சொன்ன இந்த ஒரு விஷயத்தில் தெய்வசிகாமணி சொக்கிப்போனார். குறுக்குக் கம்பி வைத்த வேலி மாதிரி இருப்பதால் அதற்கு 'வேலி' என்றே பெயர் வைத்தார்.

"ருக்கும்மா, இதப் பாரு. பழைய வரிய அழிக்க வேணாம். வேலி போட்டுட்டா போதும், மிஷின் உள்ள வராது. நாம பாத்துக்கலாம். புதுசா கீழ எழுதிக்கலாம். பத்திரம் மாதிரியே இருக்குது."

அன்று முதல் ஒரு எண்ணைக்கூட அவர் அழித்ததில்லை. பழைய வரிக்கு வேலி, அதே வரியின் ஓரத்தில் தேதி, காரணம், தெ.சி.; கீழே புது வரி. பிறகு நீள நோட்டில் அந்த ஃபைல் முழுவதையும் மையால் எழுதுவார். மேலே பிள்ளையார் சுழி, கீழே மொத்த வரிகள் இத்தனை என்று ஒரு முடிவு. பிறகு நான் திரையைப் பார்த்துப் படிக்க, அவர் நோட்டில் விரலை ஓட்டுவார். மற்றப் பிரிவுக்காரர்கள் ஜன்னல் வழியே பார்த்து, "கம்ப்யூட்டர் ரூம்ல கதாகாலட்சேபம் ஆரம்பிச்சிட்டாங்கடா" என்பார்கள்.

போன வருடம் டிசம்பர் ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை, அரவை தொடங்க வேண்டிய நாள். முதல் முறையாக எல்லா வெட்டு உத்தரவும் மிஷினிலிருந்துதான் என்று அறிவித்திருந்தார்கள். மூன்று நாளைக்கு முன், வெள்ளிக்கிழமை, பாய்லருக்கு இளஞ்சூடு ஏற்றும் பூஜை. ஐயர் ஒவ்வொரு பிரிவாகத் தீபாராதனை காட்டிக்கொண்டே கடைசியில் எங்கள் அறைக்கும் வந்தார். பெட்டிக்குச் சந்தனம், பிரிண்டருக்குப் பூ. சனிக்கிழமை மாலை கம்பெனிக்காரர் வந்து, அரவைக் காலத்துக்காக இன்னும் இரண்டு டெர்மினல்களை மாட்டிவிட்டுப் போனார். உள்ளே வரும் ஆட்கள் கூடுவதால் தெய்வசிகாமணி இரண்டு எண்களை மாற்றினார். பழைய இரண்டு வரிக்கும் வேலி. புதிதாக இரண்டு வரிகள். இருபத்தொன்பது வரிகள் முப்பத்தொன்று ஆயின. நோட்டில் எழுதினார், ஒப்புப் பார்த்தோம், மிஷினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு அவர் சுவிட்சைப் போட்டார். பெட்டி உறுமி எழுந்தது. டேட்டாபேஸை எழுப்பும் கட்டளையைத் தட்டினார். தொடக்க ஃபைல் செல்லாது என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். எங்கே, ஏன், ஒன்றுமில்லை.

மறுபடி தட்டினார். அதே வரி.

"முந்தாநேத்து மாத்தனது ரெண்டு வரிதான். அதுலதான் கோளாறு" என்று அமைதியாகச் சொன்னார். புது வரிகளுக்கு வேலி போட்டு, பழைய வரிகளின் வேலியை எடுத்தார். வெள்ளிக்கிழமை என்ன எண்களில் ஓடியதோ அதே எண்கள். தட்டினார். அதே வரி வந்தது. அப்போதுதான் அவர் முகத்தில் வியர்வையைப் பார்த்தேன். மார்கழி நெருங்கும் சமயத்தில் விழுப்புரத்தில் காலையில் யாருக்கும் வியர்ப்பதில்லை.

கேன் சூப்பரின்டெண்டென்ட் சுப்பராயலு வந்துவிட்டார். இருபத்திரண்டு வருடம் கையால் உத்தரவு எழுதிய பிரிவுக்குத் தலைவர். கடிகாரத்தைப் பார்த்தார்.

"எத்தினி மணிக்குய்யா சுவிட்சப் போட்ட?"

"எட்டேகாலுங்க."

"திங்கக்கெழம ஏழரையிலேருந்து ஒம்போது ராகு காலம். அதுல எழுப்பனா எழுமா?"

"மிஷினுக்கு ராகு காலம் தெரியாதுங்க."

"உனக்குத் தெரியுமில்ல?"

ஒன்பது மணி தாண்டியதும் அவர் கண்முன்னே மறுபடி அணைத்து எழுப்பினோம். எழவில்லை. சுப்பராயலு அதில் சந்தோஷப்பட்டாரா வருத்தப்பட்டாரா என்று சொல்வது கடினம். நேரே போய் நான்கு குமாஸ்தாக்களை வரிசையாக உட்கார வைத்து, ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு உத்தரவுக் கட்டும் கார்பன் பேப்பரும் வைத்தார்.

மேனேஜர் ஒன்பதரைக்கு வந்தார். அவர் கோபக்காரரல்ல, அதனால்தான் அவர் சொன்னது பயமாக இருந்தது.

"பன்னிரண்டு மணி வரைக்கும் பார்க்கலாம். சாயங்காலம் முதல் கரும்பு கேரியர்ல விழணும், அரவை ஆரம்பிக்கணும். பன்னிரண்டுக்குள்ள பிரிண்ட் வரலைன்னா கையால எழுதிடுங்க. மெஷினை நம்ம மெட்ராஸ் ஹெட் ஆபீஸ்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க, அனுப்பிடலாம். சிகாமணி, நீங்க எடை மேடைக்கே போயிடலாம். உங்க மேல தப்பு சொல்லலை."

தப்பு சொல்லவில்லை என்ற வார்த்தைதான் அவரைக் குத்தியது என்று நினைக்கிறேன். மேனேஜர் போனதும், "எடை மேடைக்குப் போறதுல ஒண்ணுமில்லம்மா" என்றார். "அங்க காத்து வரும். ஆனா இந்த மிஷின் போயிட்டா, திரும்பி வராது. ஒரு தடவ ஏமாந்தா ஊரு நம்பாது. மறுபடி யாருக்கு மனசுக்குப் புடிக்குதோ அவனுக்குத்தான் மொத உத்தரவு."

வெளியே அதற்குச் சாட்சியாக மண்ணாங்கட்டி உட்கார்ந்திருந்தார். காணை என்ற ஊர்ப்பக்கத்து விவசாயி. பதின்மூன்று மாதக் கரும்பு, ஒன்றரை ஏக்கர். முந்தைய வருடம் உத்தரவு தாமதமாகி, கரும்பு பூத்து, பாதி மாட்டுக்குப் போனது. மிஷின் தேதியைப் பார்த்துத்தான் போடும் என்று கேள்விப்பட்டு, வெட்டு ஆட்களுக்கு முதல் நாளே வெற்றிலை பாக்கு கொடுத்துவிட்டு விடியற்காலையில் சைக்கிளில் வந்திருந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னாங்க, பொட்டி வாயத் தொறக்கலியா?"

"தொறக்கும், குந்துங்க."

"எங்க வூட்டு எருமகூட மூணு உதை உதைச்சா எழுந்துக்கும். ஒதைச்சிப் பாத்தீங்களா?"

"ஒதைக்கிற எடந்தான் தெரியல" என்றார் தெய்வசிகாமணி.

மெட்ராஸ் கம்பெனிக்கு லைட்னிங் கால் என்ற அவசர டிரங்க் கால் போட்டோம். பத்தேகாலுக்குக் கிடைத்தது. கம்பெனி இன்ஜினீயர் முழுவதையும் கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத்தான் போட வேண்டும், நாளை மாலை வருகிறேன், எதையும் தொடாதீர்கள் என்றார். ரிசீவரை வைத்துவிட்டு தெய்வசிகாமணி என்னைப் பார்த்தார்.

"அழிக்கணுமாம்" என்றார். ஏதோ கெட்ட வார்த்தையைத் திருப்பிச் சொல்வது போலச் சொன்னார். பிறகு நீள நோட்டை எடுத்தார். "வா, ஒப்புப் பாக்கலாம்."

நான் திரையிலிருந்து படித்தேன். பெயர், சமக்குறி, எண். அவர் நோட்டில் விரலை ஓட்டி "சரி" என்றார். அடுத்த வரி. "சரி." வேலிக் குறியைக்கூட விடாமல் "வேலி" என்று படித்தேன். கடைசி வரிவரை "சரி" என்றே வந்தது. ஒரு எழுத்துத் தப்பில்லை. அவர் நம்பாமல் இடம் மாறி உட்கார்ந்தார். இப்போது அவர் திரையைப் படித்தார், நான் நோட்டைப் பார்த்தேன். அதே "சரி". மணி பத்தே முக்கால்.

"எல்லாஞ் சரின்னா ஏன் எழல?" என்றேன்.

"எல்லாஞ் சரின்னு நாம சொல்றோம். அது சொல்லலியே."

மீண்டும் ஃபைலைத் திறந்தார். சனிக்கிழமை போட்ட எண்களையே திரும்பக் கொண்டுவந்தார். அவற்றில் தப்பில்லை என்றால் அவை இருக்க வேண்டியதுதானே என்றார். சேமித்தார். திரையின் அடியில் எப்போதும் வரும் அந்தச் சின்னச் செய்தி வந்தது. ஃபைலின் பெயர், வரிகளின் எண்ணிக்கை, எழுத்துகளின் எண்ணிக்கை. அதை நாங்கள் யாரும் படிப்பதில்லை. பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் மாதிரி அது.

அவர் விரல் அப்படியே நின்றது.

"ருக்கு. அது இன்னா நம்பரு?"

"முப்பத்திரண்டு."

நோட்டைப் புரட்டினார். அடியில் அவர் கையெழுத்தில், மொத்த வரிகள் முப்பத்தொன்று.

"எண்ணு."

திரையில் விரல் வைத்து எண்ணினேன். முப்பத்தொன்று. அவர் எண்ணினார். முப்பத்தொன்று. மிஷினிடம் கேட்டோம். முப்பத்திரண்டு. இரண்டரை மணி நேரமாகச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தவர்களுக்குக் கதவின் விளிம்பு விரலில் பட்டதுபோல் இருந்தது. அவர் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றுகொண்டார்.

"ஒரு வரி கூடுதல். யாரோ பத்திரத்துல ஒரு வரி நுழைச்சிருக்கான். எங்க இருக்குது, காட்டு, காட்டு."

"காலி வரியா இருக்குமோண்ணே?"

"காலி வரிய மிஷின் மன்னிச்சிடும். இது காலி இல்ல. நம்ம கண்ணுக்குத் தெரியாத வரி."

வரி எண்களைப் பக்கத்தில் காட்டச் சொல்லும் கட்டளை எனக்குத் தெரியும், அதுவரை தேவைப்பட்டதில்லை. தட்டினேன். திரையின் இடது ஓரத்தில் எண்கள் மளமளவென்று இறங்கின. நாங்கள் முதல் வரி என்று எண்ணிக்கொண்டிருந்த வரிக்குப் பக்கத்தில் இரண்டு என்று இருந்தது.

அதற்கு மேலே ஒன்று. அந்த ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு எழுத்து. சிறிய ஆங்கில யூ.

நாங்கள் இருவரும் அதைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அவர் சனிக்கிழமையும் பார்த்தார். பிள்ளையார் சுழி இல்லாத காகிதத்தை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. நோட்டில் மேலே 'உ' இருந்தது, திரையிலும் மேலே அதே வடிவில் ஒன்று இருந்தது. ஒப்புப் பார்க்கும்போது யாரும் சுழியைப் படிப்பதில்லை. எண்ணும்போது யாரும் சுழியை எண்ணுவதில்லை. பத்திர ஆபீஸில் அவருக்குச் சொல்லித் தராமலே வந்த பழக்கம் அது. எனக்கும் பள்ளிக்கூடப் பரீட்சைத்தாளிலிருந்து வந்த பழக்கம்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பூஜையின்போது தெய்வசிகாமணி ஐயரை வழியனுப்பக் கேட்வரை போயிருந்தார். கையில் சுண்டல் பொட்டலத்தோடு சுப்பராயலு சார் என் டெர்மினலுக்கு வந்தார். "எங்க செக்‌ஷன்ல சுழி போடாம ஒரு காயிதம் வெளிய போனதில்லம்மா. இந்த மிஷின் மொதல்ல படிக்கிற காயிதம் எது?" என்றார். நான் பெருமையாகத் தொடக்க ஃபைலைத் திறந்து காட்டினேன். தமிழ் எழுத்து வராதே என்றேன். "இங்கிலீஷ் யூ போட்டா போதும், பாக்க அப்படித்தான் இருக்குது. புள்ளையாருக்குத் தெரியும்" என்று சொல்லி, ஆள்காட்டி விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவரே அழுத்தினார். நான்தான் சேமித்தேன். அப்போது டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருந்தது. பூஜை போட்ட மிஷினைச் சனிக்கிழமை மாலைவரை நாங்கள் அணைக்கவுமில்லை, அதனால் அது அந்த ஃபைலைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

இதை அவரிடம் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது. மணி பதினொன்று இருபது.

"அழிச்சிடறேன்" என்று விசையை நோக்கிக் கையைக் கொண்டுபோனேன்.

"இரு இரு. சுழிய அழிக்கறதா? அரவை ஆரம்பிக்கிற அன்னிக்கா? அந்தாளுக்குத் தெரிஞ்சா சோறு எறங்காது." குனிந்து, அந்த எழுத்துக்கு முன்னால் ஒரு வேலியைப் போட்டார். சேமித்தார். முப்பத்திரண்டு வரிகள் என்று வந்தது. "இப்ப தட்டு. நீயே தட்டு."

தட்டினேன். வட்டு சுழலும் சத்தம் கேட்டது. அந்தப் பழைய செய்தி வரவில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி. பிறகு திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரிகள் எழுந்தன. டேட்டாபேஸ் திறந்தது.

நான் என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. ஜன்னலில் மண்ணாங்கட்டி, "எழுந்துக்கிச்சா? ஒதைச்சீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேலி போட்டோம், எழுந்துக்கிச்சு" என்றார் தெய்வசிகாமணி.

"வேலி போட்டா எரும படுத்துக்குமேய்யா."

பிரிண்டர் கிறீச்சிட்டு ஓட ஆரம்பித்தபோது மணி பதினொன்று நாற்பத்திரண்டு. கரும்புப் பிரிவு முழுவதும் எங்கள் அறையில் நெருக்கியடித்து நின்றது. நான்கு குமாஸ்தாக்களும் கையில் பேனாவோடே வந்துவிட்டார்கள். காகிதம் மடிந்து மடிந்து விழுந்தது. வரிசை நட்ட தேதிப்படி. முதல் உத்தரவு யாரோ ஒரு விக்கிரவாண்டிக்காரருடையது, இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது காணை, மண்ணாங்கட்டி, ஒன்றரை ஏக்கர். தெய்வசிகாமணி அதைத் துளைகளோடு கிழித்து ஜன்னல் கம்பி வழியே நீட்டினார். மண்ணாங்கட்டி இரண்டு கையாலும் வாங்கினார். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"எம் பேரு எங்க இருக்குது?"

அவர் காட்டினார். மண்ணாங்கட்டி அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, காகிதத்தை மடிக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். போகிறபோது, "ஜல்தியா போறேன், ஆளுங்க குந்திக்கினு இருக்கும்" என்று யாரிடமோ சொன்னார்.

மேனேஜர் வந்து, என்ன கோளாறு என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். எனக்கு நேர் பின்னால் சுப்பராயலு நின்றிருந்தார்.

"ஃபைல்ல ஒரு வரி ஜாஸ்தியா இருந்துச்சுங்க" என்றார் தெய்வசிகாமணி. "வேலி போட்டாச்சு."

"எப்படி வந்தது?"

"ஒப்புப் பாக்கையில நான் விட்டுட்டேங்க. இனிமே வரிய மிஷினயே எண்ணச் சொல்லிட்டு அப்புறம் ஒப்புப் பாக்கறோம்."

நோட்டிலும் அப்படியே எழுதினார்: முதல் வரிக்குமுன் # சேர்க்கப்பட்டது, ஒப்பு நோக்கியதில் விடுபட்டது, தெ.சி. யார் போட்டது என்று எழுதவில்லை. பத்திரத்தில் திருத்தத்தைத்தான் சொல்ல வேண்டும், திருத்தப்பட்டவரை அல்ல என்றார்.

மாலையில் முதல் கரும்பு கேரியரில் விழுந்து ஆலைச் சங்கு ஊதியபிறகு சுப்பராயலு தனியாக எங்கள் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திக்கொண்டார். அவர் முட்டாள் இல்லை. மதியமே கணக்குப் போட்டுவிட்டார்.

"சிகாமணி, அந்த வரி... என்னுதா?"

"ஆமாங்க."

"எடுத்துட்டியா?"

"இல்லீங்க. அங்கயேதான் இருக்குது. வந்து பாருங்க." திரையில் காட்டினார். "முன்னாடி வேலி இருக்குது பாருங்க. மிஷின் படிக்காது. நாம படிக்கலாம்."

சுப்பராயலு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "சாமிக்கு வேலி போட்டுட்ட" என்றார். பிறகு, "ஏன்யா எம் பேர மேனேஜர்கிட்ட சொல்லல?" என்றார்.

"நீங்க சுழிதான போட்டீங்க. அடித்தல் திருத்தல் ஒண்ணும் பண்ணலியே."

மறுநாள் காலை எங்கள் மேஜையில் ஒரு தூக்குவாளி நிறைய வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, இருந்தது. யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை. சுப்பராயலு அன்று முழுவதும் எங்கள் பக்கம் பார்க்காமலே நடந்தார். கையெழுத்து உத்தரவுக் கட்டுகளை அடுத்த வாரம் அவரே ஸ்டோருக்குத் திருப்பி அனுப்பினார்.

அந்தப் பருவம் முழுக்க ஒரு நாள்கூட உத்தரவு நிற்கவில்லை. நூற்று நாற்பத்தாறு நாள். அதன் பலனாக மெட்ராஸ் ஆபீஸ் மிஷினைக் கேட்பதை விட்டுவிட்டது. மாறாக, இந்த ஆடி மாதம் திண்டிவனம் கோட்ட அலுவலகத்துக்கும் ஒரு மிஷினை அனுப்பியது. அதன் தொடக்க ஃபைலைத் தெய்வசிகாமணிதான் எழுத வேண்டும் என்று மேனேஜர் பெயர் போட்டு உத்தரவிட்டார். அந்த உத்தரவை அவர் எல்லாரிடமும் காட்டினார். நாற்பதைத் தாண்டிய மனிதர், காண்டீனில் டீ ஆறிப்போகும்வரை அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

அது சின்ன மிஷின். எங்களுடையதில் பாதி நினைவகம்தான். எங்கள் ஃபைலை அப்படியே கொண்டுபோய் வைத்தால் மூச்சு முட்டும். ஒவ்வொரு எண்ணையும் புதிதாக யோசித்துக் குறைக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் அவர் வீட்டிலிருந்து நேரே அங்கே போனார். மற்ற நாள்களில் ஆலைக்கு வந்து, முதல் நாள் என்ன எண் வைத்தார், ஏன் வைத்தார் என்று எனக்குச் சொல்லுவார். "இதுக்கு நாப்பது வெச்சேன். அறுபது வெச்சா திணறுது. நாப்பதுல பாரு, கெழவி ஊஞ்சலாடற மாதிரி நெதானமா ஆடுது." கண் மஞ்சளாக இருக்கிறதே என்று நான் ஒரு நாள் கேட்டேன். தூக்கமில்லை என்றார்.

அவருடைய காரியம் முடிந்த மறுநாள் மேனேஜர் என்னைத் திண்டிவனத்துக்கு அனுப்பினார். அங்கே யாரும் மிஷினைத் தொடவில்லை. மேலே ஒரு துண்டு போர்த்தியிருந்தது. ஃபைலைத் திறந்தேன். பதினெட்டு வரிகள் முழுமையாக இருந்தன. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் வேலிக்குப் பின்னால் காரணம் எழுதியிருந்தார். பத்தொன்பதாவது, எத்தனை பேர் ஒரே சமயத்தில் உள்ளே வரலாம் என்ற வரி. அங்கே நான்கு குமாஸ்தாக்கள். கோட்ட அலுவலரும் தன் மேஜைக்கு ஒரு டெர்மினல் கேட்டிருந்தாராம். வேண்டுமா வேண்டாமா என்று திங்கட்கிழமை சொல்வதாகச் சொல்லியிருந்தார். அந்தத் திங்கட்கிழமைதான் இவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

பத்தொன்பதாவது வரியில் பெயர் இருக்கிறது, சமக்குறி இருக்கிறது. எண் எழுதவில்லை.